வடிவத்தை எழுதுவது எப்படி? கதை எழுதுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"தோட்டத்தில் சதுரமான ஒரு கிணறு இருந்தது."

புதிதாகக் கதை எழுத வருகிறவர்களிடம் இந்த மாதிரி வரியை அடிக்கடி பார்க்கிறேன். வரியில் தப்பில்லை. கொங்கு நாட்டுத் தோட்டக் கிணறுகள் பலவும் சதுரமாகவோ நீள்சதுரமாகவோதான் இருக்கும். ஆனால் படிக்கிறவர் மனதில் கிணறு வருவதில்லை, நான்கு கோடுகள்தான் வருகின்றன. சதுரம் என்பது வானத்திலிருந்து பார்த்தால் தெரிவது. கதையில் வருகிற ஆளோ கிணற்று மேட்டில் நிற்கிறார். அவருக்குத் தெரிவது எதிர்ச் சுவர், இறங்குகிற படி, தன் கால்விரலுக்கு முன்னால் சட்டென்று முடிந்துபோகிற தரை.

நான் உறுதியாக நம்பும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வடிவமும் ஏதோ ஒன்று நடந்ததால் வந்தது. யாரோ வெட்டினார்கள், எதுவோ தேய்த்தது, காற்று அடித்தது, பாரம் அமுக்கியது, உள்ளிருந்து வளர்ந்தது. அந்த நடப்பைப் பிடித்து எழுதினால் வடிவம் கூடவே வந்துவிடும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்கான பழக்கங்கள். முதலில் வரிசையாகச் செய்து பாருங்கள், கை பழகிய பிறகு உங்கள் இஷ்டம்.

படி 1: நிற்கும் இடத்தை முடிவு செய்யுங்கள்

ஒரே பொருளுக்கு ஒரே வடிவம் கிடையாது. திருச்செங்கோட்டு மலையைத் தூரத்துச் சாலையிலிருந்து பஸ்ஸில் வரும்போது பார்த்தால் ஒரு முகடு, இரண்டு பக்கச் சரிவு, கீழே ஊர் எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும். அடிவாரத்துக்கு வந்து அண்ணாந்தால் முகடு காணாமல் போய்விடும். பாறையும் படியும் மட்டும் மேலே ஏறிக்கொண்டிருக்கும். படியேறும்போது இன்னும் சுருங்கி, முன்னால் போகிறவரின் குதிகாலும் அடுத்த கல்லின் விளிம்பும்தான் மிஞ்சும். மூன்றும் அதே மலைதான். கதைக்கு எது வேண்டும் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எழுதும் முன் மூன்று கேள்விக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். பார்ப்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? அவர் கண் பொருளுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா, சமமாக இருக்கிறதா? வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது? மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காலை பத்து மணிக்குச் சப்பையாகத் தெரிகிற கொறங்காட்டு (வேலி போட்ட மேய்ச்சல் காட்டு) மண், சாயங்கால வெயிலில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒவ்வொரு குளம்புத் தடத்துக்கும் நிழல் நீண்டு, மேடும் பள்ளமுமாக எழும்பி நிற்கும். பொருள் மாறவில்லை, நிழல் வந்ததும் வடிவம் வந்துவிட்டது.

படி 2: கண் போகிற வழியில் வாக்கியத்தையும் போகவிடுங்கள்

இதில் கொஞ்சம் நிதானமாக நிற்கலாம், ஏனென்றால் தமிழ் இங்கே நமக்குப் பெரிய துணை.

காங்கேயம் காளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். "பெரிய திமிலும் வளைந்த கொம்பும் கொண்ட காளை" என்று எழுதினால் அது சந்தைச் சீட்டுக்கான விவரம். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"கழுத்தில் கிளம்பிய கோடு திமிலில் ஏறி, உச்சியில் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்து, முதுகில் இறங்கி, இடுப்பில் மறுபடி மேடேறி, வாலோடு தொங்கியது."

இங்கே நடந்தது என்ன? ஏறி, சாய்ந்து, இறங்கி என்று வினையெச்சங்கள் அடுத்தடுத்து வரும்போது வாக்கியம் முடியாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. முற்று வினை வரும்வரை கண் நிற்காது. வாசகரின் கண் காளையின் முதுகை முழுசாக ஒருமுறை தடவிவிட்டு வருகிறது. 'பெரிய' என்ற சொல் எங்கும் வரவில்லை, இருந்தாலும் காளை பெரிதாகத் தெரிகிறது, ஏனென்றால் அதைக் கடக்க அவ்வளவு நேரம் ஆனது.

கொம்புக்கு வேறு போக்கு வேண்டும். காங்கேயம் மாட்டின் கொம்புகள் வெளிப்பக்கம் விரிந்து, பின்னால் வளைந்து, நுனிக்கு வரும்போது மறுபடி ஒன்றையொன்று நோக்கித் திரும்பும். அடி தடித்து நுனி கூராகும். ஆகவே வாக்கியமும் நீண்ட சொற்களில் தொடங்கிச் சின்னச் சொல்லில் முடியலாம்: "விரிந்து பின்னால் சாய்ந்த கொம்புகள் மேலே போகப் போக ஒன்றைத் தேடி ஒன்று வந்து, தொடாமல் நின்றன."

ஒரு எச்சரிக்கை. பெயரெச்சத்தை அடுக்கி அடுக்கிப் பொருளின் பெயரைக் கடைசியில் வைப்பது தமிழில் சுலபம். "வெளியே விரிந்த, பின்னால் வளைந்த, நுனியில் கூர்ந்த, அடியில் தடித்த கொம்பு" என்று போனால், கொம்பு என்ற சொல் வருவதற்குள் முன்னால் வந்ததெல்லாம் பிடிப்பில்லாமல் உதிர்ந்துவிடும். எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் வளைவை மட்டும் யாரும் மனதில் வைத்துக்கொள்ள முடியாது. பெயருக்கு முன்னால் இரண்டு போதும், மீதியைப் பெயருக்குப் பின்னால் வினையாக ஓடவிடுங்கள்.

படி 3: இந்த வடிவம் எப்படி வந்தது என்று கேளுங்கள்

இந்த வழிகாட்டியின் உயிர் இந்தப் படிதான்.

ஆட்டுக்கல் குழியைப் பாருங்கள். உளி கொத்திய புள்ளிகள் விளிம்பில் சொரசொரவென்று இருக்கும். உள்ளே போகப் போகக் குழவி சுற்றிய இடம் வழவழப்பாகிவிடும். உளி ஒரு வடிவம் கொடுத்தது, அதன்மேல் பல வருஷத்து மாவாட்டல் இன்னொன்றைக் கொடுத்தது. 'குழிந்த கல்' என்று எழுதினால் இந்த இரண்டு பேரும் காணாமல் போய்விடுகிறார்கள். 'விளிம்பில் உளி மிஞ்சியிருந்தது, அடியில் குழவி மட்டும்தான் இருந்தது' என்று எழுதினால் குழியும் தெரியும், அந்த வீட்டின் வயதும் தெரியும்.

மேட்டுக்காட்டுப் பக்கம் வாருங்கள். காங்கேயம், தாராபுரம் வட்டாரத்துக் கொறங்காடுகளில் கிளுவை வேலிக்குள் வெள்வேல மரங்கள் தனித்தனியே நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அவற்றின் அடிப்பக்கம் தழையே இல்லாமல் மட்டமாகத் தெரிவதுண்டு. ஆடு பின்னங்காலில் நின்று எட்டுகிற உயரம்வரை மேய்ந்துவிடும், அதற்குமேல் எட்டாது. மரத்தின் அடிக்கோட்டை ஆடுகள்தான் வரைந்திருக்கின்றன. இதைத் தெரிந்து எழுதினால், பட்டியில் ஒரு ஆட்டைக்கூடக் காட்டாமல் ஆடு இருக்கிற ஊர் என்று சொல்லிவிடலாம்.

காற்றும் வடிவம் கொடுக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஆனி, ஆடியில் அந்த வழியாக வருகிற காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று வாரிக்கொண்டு போகும். அந்த மாதங்களில் தென்னை மட்டைகள் எல்லாம் கிழக்கே ஒதுங்கி, மரத்துக்கு ஒரு பக்கம்தான் தலை இருப்பதாகத் தெரியும். காற்றாலைகள் மேற்குப் பார்த்து நிற்கும். ஆடி மாதத்துக் கதையில் உருண்டையான தென்னங்கொண்டையை எழுதினால், அந்தப் பக்கத்து வாசகர் அங்கேயே கதையை விட்டு இறங்கிவிடுவார்.

கிணற்றுக்கு வருவோம். மண் இருக்கிற ஆழம்வரை சரியாமல் பிடித்து நிறுத்தக் கல் கட்டடம். அதற்குக் கீழே பாறை வந்தால் தமர் (வெடிமருந்து வைக்கிற துளை) போட்டு, வெடி வைத்துத்தான் இறக்க முடியும். வெடித்துப் பெயர்ந்த பிறகும் தமர் துளையின் ஒரு பாதி சுவரிலேயே நின்றுவிடும், மேலிருந்து கீழாக விரல் நுழைகிற பள்ளமாக. பழைய கிணறாக இருந்தால் ஒரு பக்கம் தரை சரிந்து இறங்கும். மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டிய காலத்துச் சரிவு அது. மாடுகள் சரிவில் இறங்கினால் தண்ணீர் அள்ளுகிற சால் மேலே வரும், பின்பக்கமாகவே நடந்து ஏறினால் சால் உள்ளே போகும். பைகாரா நீர்மின் நிலையம் 1932இல் ஓடத் தொடங்கி, பிறகு மெல்ல மெல்லத் தோட்டங்களுக்கு மோட்டார் பரவும்வரை இந்தச் சரிவுகளில் மாடு நடந்தது. இன்று அதில் புல் முளைத்திருக்கும், ஆனால் சாய்வு அப்படியே இருக்கும். 'கிணற்றின் ஒரு பக்கம் தரை தாழ்ந்திருந்தது' என்று எழுதுகிறவருக்கும், அந்தத் தாழ்வு எத்தனை குளம்புகளின் வேலை என்று தெரிந்து எழுதுகிறவருக்கும் வரியில் வித்தியாசம் தெரிந்துவிடும். காரணத்தைக் கதையில் விளக்கவே வேண்டாம். தெரிந்து வைத்திருந்தால் எந்த விவரத்தைத் தொட வேண்டும் என்று கைக்குத் தெரியும்.

படி 4: கண்ணை மூடிக்கொண்டு கையில் எடுங்கள்

கண்ணுக்குத் தெரிவது ஒரு பக்கம்தான். கை சுற்றிவரும்.

சென்னிமலைப் பக்கம் தறி நாடா ஒன்றை, நெய்யும்போது ஊடை நூலைச் சுமந்து பாய்கிற அந்தக் கருவியை, கையில் வாங்கிப் பாருங்கள். மரம், இரண்டு முனையும் கூராகி இரும்புக் குப்பி ஏறியிருக்கும். நடுவில் நூல் சுற்றிய தார் படுக்க நீளமாகக் குடைந்த பள்ளம். பக்கத்தில் நூல் வெளியே வரச் சின்னப் பீங்கான் கண். கண்ணை மூடித் தடவினால் முதலில் வருவது முனையின் குளிர்ச்சி, அப்புறம் மரத்தின் வழவழப்பு, அப்புறம் விரல் திடீரென்று உள்ளே விழுகிற பள்ளம். இரண்டு முனையும் ஏன் கூர்? பாவு நூல்களுக்கு நடுவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிக்காமல் பாய வேண்டும். அதற்கு முன், பின் என்று கிடையாது. இந்த ஒன்றைப் பிடித்துவிட்டால் நாடாவைப் பற்றி எழுத உங்களுக்கு உவமையே தேவைப்படாது.

மாட்டுச் சந்தையில் கை படிக்கிற வடிவத்துக்கு இதைவிட நல்ல பாடம் இருக்கிறது. கண்ணபுரம் சந்தையைப்போல மாடு கைமாறுகிற இடங்களில், தரகர் துண்டைப் போட்டு மூடி, அடியில் விரல் பிடித்து விலை பேசுவார். வெளியே தெரிவது துணியின் அசைவு மட்டும். விலை முழுவதும் எத்தனை விரல், எந்த விரல் என்கிற பிடியில் இருக்கிறது. இதை ஒரு காட்சியாக எழுதிப் பாருங்கள். பார்வையை ஒரு இடத்திலும் பயன்படுத்தக் கூடாது என்று உங்களுக்கு நீங்களே விதி வைத்துக்கொள்ளுங்கள். எதிராளியின் விரல் தடிப்பு, காய்ப்பு, மடங்குகிற வேகம், தயங்கிப் பாதியில் நிற்பது என்று ஒரு பக்கம் எழுதலாம்.

படி 5: சொல்லைத் துல்லியமாக எடுங்கள்

வட்டம், சதுரம், முக்கோணம் என்ற மூன்றைத் தாண்டி நமக்கு நிறையச் சொற்கள் இருக்கின்றன. விளிம்பைச் சொல்லக் கூர், மழுங்கல், மொண்ணை, பிசிறு. பரப்பைச் சொல்லப் புடைப்பு, குழிவு, சொட்டை, நெளிவு. போக்கைச் சொல்ல ஏற்றம், சரிவு, ஒடுக்கம், விரிவு, திருகல். பொருள் கிடக்கும் நிலையைச் சொல்லச் சாய்ந்து, கவிழ்ந்து, மல்லாந்து, ஒருக்களித்து. கடைசி வகையைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். திண்ணையில் ஒரு போசி (பாத்திரம்) மல்லாந்து கிடக்கிறது, இன்னொரு வீட்டில் கவிழ்ந்திருக்கிறது. வடிவம் ஒன்றுதான். ஒரு வீட்டில் வேலை பாதியில் நிற்கிறது, மற்றதில் கழுவி முடித்துவிட்டார்கள்.

படி 6: இல்லாத இடத்தையும் எழுதுங்கள்

வடிவம் என்றால் பொருளின் உடம்பு மட்டும் என்று நினைக்கிறோம். இரண்டு கொம்புக்கு நடுவே இருக்கிற வானத்துக்கும் வடிவம் உண்டு. படம் கழற்றிய சுவரில் வெளுக்காமல் நிற்கிற நீள்சதுரம், ஆள் எழுந்துபோன கட்டிலில் கயிறு தொய்ந்த இடம், இவையெல்லாம் ஒருவர் இல்லை என்பதை அழாமல் சொல்லும்.

நொய்யல் கரையில் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த கற்பதுக்கைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். செத்தவர்களுக்காகப் பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய அறைகள், வெளியே கல்வட்டம். அந்தப் பலகைக் கல்லில் துளை போட்டிருக்கிறார்கள். இடுதுளை என்று தொல்லியலில் சொல்வது. அந்தக் கல்லின் நீளம், அகலம், தடிப்பு எல்லாம் இருந்தும், பார்க்கிறவர் கண் போய் நிற்பது கல் இல்லாத அந்த இடத்தில்தான். உங்கள் காட்சியிலும் அப்படி ஒரு துளை இருக்கிறதா என்று தேடுங்கள்.

படி 7: யார் கண்?

சுருக்கமாகச் சொல்கிறேன், விஷயம் எளிது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கொட்டிக் கிடக்கிற குவியலைக் குழந்தை பார்த்தால் ஏறிச் சறுக்க ஒரு மேடு. வியாபாரி பார்த்தால் விரலி தனி, கிழங்கு தனி. அவர் ஒன்றை எடுத்து ஒடித்து உள்ளே பார்ப்பார். மூட்டை தூக்குகிறவருக்கு அது குவியலே இல்லை, இத்தனை மூட்டை. ஆகவே பாத்திரத்தின் தொழில், வயது, அன்றைய கவலை ஆகியவற்றுக்குத் தெரியாத வடிவத்தை அவர் தலையில் கட்டாதீர்கள். தறிக்காரருக்கு நூல் அறுந்த இடம் முதலில் தெரியும், துணியின் பூ அப்புறம்தான்.

படி 8: உவமையைக் கடைசியில் கூப்பிடுங்கள்

உவமை வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலிலேயே உவமையைப் போட்டுவிட்டால் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம், அதுதான் சிக்கல். பிறை நெற்றி, சங்குக் கழுத்து, உடுக்கை இடை எல்லாம் எப்போதோ யாரோ நன்றாகப் பார்த்ததுதான். நாம் இப்போது பார்க்காமல் எழுதுகிறோம்.

தேர்வு செய்ய ஒரு அருமையான அளவுகோல் நம்மிடமே இருக்கிறது. தொல்காப்பியத்து உவமவியல், உவமை பிறக்கும் இடங்களை வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரிக்கிறது. உரையாசிரியர்கள் மெய்யை வடிவம் என்றும் உருவை நிறம் என்றும் விளக்குவார்கள். நம்முடைய வடிவ உவமைகளில் பெரும்பாலானவை மெய்யோடு நின்றுவிடுகின்றன. வினையும் சேர்ந்தால்தான் உவமைக்கு வேர் பிடிக்கிறது. ஆயுசுக்கும் அறுப்புக்குப் போன ஆத்தாவின் முதுகைக் கதிரருவாளாக எழுதினால், வளைவும் பொருந்தும், அந்த வளைவைக் கொடுத்த வேலையும் உள்ளே இருக்கும். அதே முதுகைப் பிறை என்று எழுதினால் வளைவு மட்டும்தான். உங்கள் உவமை ஒவ்வொன்றையும் இந்த நான்கில் வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கு மட்டும் பொருந்தினால் அடித்துவிடலாம், இரண்டுக்குப் பொருந்தினால் வைத்துக்கொள்ளலாம்.

படி 9: சேர்த்து எழுதுங்கள்

தொடக்கத்தில் பார்த்த சதுரக் கிணற்றை இப்போது எழுதுவோம். பார்ப்பது லீவுக்கு அப்பாரு (தாத்தா) ஊருக்கு வந்த ஒரு சிறுமி.

"தென்னை வரிசை முடிந்த இடத்தில் தரையும் முடிந்தது. அடுத்த எட்டு வைக்க இடமில்லை. எதிர்ச் சுவரில் மேலே இரண்டு ஆள் உயரத்துக்குக் கல் கட்டடம், நடுவில் வயிறு தள்ளி, எப்போது வேண்டுமானாலும் விழுவேன் என்று நின்றது. அதற்குக் கீழே பாறை. பாறையில் மேலிருந்து கீழாகப் பள்ளங்கள் ஒவ்வொன்றும் பாதியாக நின்றன, மீதிப் பாதியை வெடி எடுத்துப் போயிருந்தது. சுவரிலிருந்து நீட்டிய படிக்கற்கள் ஒன்றைவிட ஒன்று தாழ்ந்து இறங்கி, மூலையில் திரும்பி, நிழலுக்குள் போயின.

'எட்டிப் பாக்காத கண்ணு' என்றார் அப்பாரு. 'இந்தக் கல்லைப் புடிச்சுக்கிட்டுப் பாரு.'

கல்லின் மேல்விளிம்பு அவள் உள்ளங்கைக்கு முன்பே தேய்ந்து தயாராக இருந்தது."

சதுரம் என்ற சொல் வரவில்லை. உவமையும் இல்லை. நிற்கும் இடம் முதல் வரியில் வந்துவிட்டது. தமர் துளையை அவளுக்குப் பெயர் சொல்லத் தெரியாது, அதனால் பெயர் வரவில்லை. படிகளில் கண் இறங்குகிற வேகத்துக்கு எச்சங்கள் இருக்கின்றன. கடைசி வரியில் கை வருகிறது, அவளுக்கு முன்னால் அந்தக் கல்லைப் பிடித்தவர்கள் எல்லோரும் கூடவே வருகிறார்கள்.

எல்லாப் பொருளுக்கும் இவ்வளவு செய்யக் கூடாது. ஒரு காட்சியில் ஒரு பொருள்தான் இப்படி நிற்கலாம். பக்கத்தில் இருக்கிற மோட்டார் ரூமுக்கு 'மோட்டார் ரூம்' என்று சொன்னாலே போதும், அது எப்படி இருக்கும் என்று வாசகருக்குத் தெரியும். கதையைத் திருப்புகிற பொருள், பாத்திரம் பயப்படுகிற அல்லது ஆசைப்படுகிற பொருள், திரும்ப வரப்போகிற பொருள், இந்த மூன்றில் ஒன்றாக இருந்தால் நேரம் கொடுங்கள்.

படி 10: சரிபார்க்கிற முறை

எழுதிய பத்தியை வீட்டில் யாராவது ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். என்ன பொருள் என்ற பெயரை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுங்கள். பென்சில் கொடுத்து, கேட்டதை வரையச் சொல்லுங்கள். வரையத் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது, அழகுபடுத்த மாட்டார். படம் உங்கள் மனதில் இருந்ததிலிருந்து எங்கே விலகுகிறது என்று பாருங்கள். வளைவு தவறான பக்கம் போயிருந்தால் உங்கள் வினைச்சொல் திசை சொல்லவில்லை. அளவு தவறியிருந்தால் பக்கத்தில் ஒரு கையோ காலோ குளம்போ வைக்க மறந்திருக்கிறீர்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பென்சிலோடு உட்கார்ந்திருந்தால், முதல் படிக்குத் திரும்பிப் போய் அவரை எங்கே நிறுத்துகிறீர்கள் என்று எழுதுங்கள்.